ஆவணம் இல்லாத பணியாளர், தள்ளுபடி இல்லாத வரி

1993 ஜனவரியில் அமெரிக்காவின் முதல் பெண் அட்டர்னி ஜெனரலாக ஆகியிருக்க வேண்டியவர் ஸோயி பேர்ட். அதிபர் கிளிண்டன் அவர் பெயரை அறிவித்தும்விட்டார். ஆனால், ஆவணமற்ற பெரு நாட்டுத் தம்பதியை வீட்டு வேலைக்கு வைத்திருந்ததும், அவர்களுக்கான சமூகப் பாதுகாப்பு வரியைக் கட்டாமல் விட்டதும் வெளியே வர, பதவி கைநழுவியது. அடுத்துப் பேசப்பட்ட நீதிபதி கிம்பா வுட் வரியை ஒழுங்காகக் கட்டியிருந்தார். ஆவணமற்றவரை வேலைக்கு வைப்பதற்குத் தடை வரும் முன்பே ஆளை அமர்த்தியிருந்தார். அவரையும் விலக வைத்தார்கள். ஆளை அமர்த்துவது ஒரு விவகாரம், வரி கட்டாதது வேறு விவகாரம் என்று அன்றைய அரசியல் பிரித்துப் பார்க்கவில்லை. சட்டம் பிரித்துத்தான் பார்க்கிறது.

வேலை செய்ய அனுமதி இல்லாதவர் என்று தெரிந்தே ஒருவரை அமர்த்துவதை 1986-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் தடுக்கிறது. ஐ-9 படிவத்தை நிரப்பி அடையாள ஆவணங்களைச் சரிபார்ப்பது அமர்த்துபவரின் கடமை, மீறினால் அபராதம். வரிச் சட்டத்துக்கோ பணியாளரின் குடிவரவு நிலையில் அக்கறை இல்லை. வேலை நடந்ததா, எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது, கூலி எவ்வளவு? அது கேட்பது இவ்வளவுதான். ‘அவர் காண்ட்ராக்டர்’, ‘ரொக்கமாகக் கொடுத்தேன்’ என்ற சமாதானங்களும் செல்லாது. வேலை நேரத்தையும் முறையையும் வீட்டுக்காரர் தீர்மானித்தால், அவர்தான் முதலாளி.

2025-இல் ஒரு பணியாளருக்கு 2,800 டாலரோ அதற்கு மேலோ ரொக்க ஊதியம் கொடுத்திருந்தால் ‘நானி டாக்ஸ்’ எனப்படும் இந்த வரி வந்துவிடும். சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் சேர்த்து முதலாளி 7.65 சதவீதம், பணியாளர் 7.65 சதவீதம். வாரம் 600 டாலர் வீதம் 50 வாரம் கொடுத்தால் ஊதியம் 30,000. வரி 4,590 டாலர். பணியாளர் பங்கைப் பிடிக்காமல் விட்டிருந்தாலும் அரசுக்கு முழுத்தொகையும் முதலாளிதான் கட்ட வேண்டும். கூட்டாட்சி வேலையின்மை வரி தனி. வருமான வரிப் பிடித்தம் மட்டும் கட்டாயமில்லை. இருவரும் ஒத்துக்கொண்டால் பிடிக்கலாம். பேசிய சம்பளத்தில் திடீரென்று கைவைப்பதைவிட இரண்டு பங்கையும் தானே கட்டுவது முதலாளிக்கு மரியாதை. சட்டமும் அதை அனுமதிக்கிறது.

ஆடிட்டர்களே தலையைச் சொறியும் இடம் இனிமேல்தான். ஆண்டு வருமான வரிக் கணக்கோடு இணைக்கும் ஷெட்யூல் ஹெச்சில் பணியாளரின் பெயர் கேட்கப்படுவதில்லை. மொத்தத் தொகை போதும். ஆனால் பணியாளரின் ஆண்டு ஊதியத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவத்தில் பெயரும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் வேண்டும். ஆவணமற்றவருக்கு அந்த எண் கிடைக்காது. 1996 முதல் வருமான வரித்துறை தரும் ஐ.டி.ஐ.என். என்ற வரி அடையாள எண்ணைக் கொண்டு அவர் தன் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்யலாம். டபிள்யூ-2வில் அதை எழுத முடியாது. எண் இல்லை என்பதால் வரி இல்லை என்றாகிவிடாது. வேறொருவரின் எண்ணை எழுதுவது மோசடி.

2025 ஏப்ரலில் வருமான வரித்துறையும் குடிவரவு அமலாக்கத் தரப்பும் வரி செலுத்துவோர் தகவலைப் பகிர ஒப்பந்தம் செய்துகொண்டன. விவகாரம் நீதிமன்றம் சென்றது. எந்தக் காகிதத்திலும் பெயர் வரக் கூடாது என்று ஓர் ஆயா கெஞ்சினால், அது வரி ஏய்க்கும் ஆசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போகட்டும், கட்டிய பணமாவது முதுமையில் அவருக்குத் திரும்புமா? வேலை அனுமதியோ சட்டபூர்வ நிலையோ கிடைக்காதவரை ஓய்வூதியம் கிடையாது. பெயரும் எண்ணும் பொருந்தாத ஊதியக் கணக்குகள் சமூகப் பாதுகாப்புத் துறையில் தனிக் கோப்பில் தேங்கிக் கிடக்கின்றன. பணம் மட்டும் சமூகப் பாதுகாப்பு நிதியில் சேர்ந்துவிடுகிறது. வரிக் கொள்கை ஆய்வு நிறுவனமான ஐடெப், 2022-இல் ஆவணமற்றவர்கள் வழியாகச் சமூகப் பாதுகாப்புக்குச் சென்றது 2,570 கோடி டாலர் என்று மதிப்பிட்டுள்ளது.

முதலாளிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வரி விவரம் தாக்கல் செய்திருந்தால் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் அரசு கூடுதல் வரி விதித்தாக வேண்டும். தாக்கலே செய்யாதவருக்கு அந்தக் காலவரம்பு தொடங்குவதே இல்லை. வேலையாள் நின்றுபோய் எத்தனை ஆண்டு கழிந்தாலும் பாக்கியை வட்டியோடு கேட்கலாம்.