புரோட்டான் சிகிச்சை: சுழல வேண்டியது எது?

எக்ஸ் கதிர் புற்றுநோய்க் கட்டியைக் கடந்தும் உடலை ஊடுருவிச் செல்லும். புரோட்டானோ குறித்த ஆழத்தில் ஆற்றலின் பெரும்பகுதியை இறக்கிவிட்டு நின்றுவிடும். இப்பண்பைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்று ராபர்ட் வில்சன் 1946-இலேயே எழுதினார். சென்னையிலும் 2019 முதல் இச்சிகிச்சை உண்டு; ஆனால் எளியோருக்கு எட்டவில்லை.

காரணம் முடுக்கி மட்டுமன்று. கற்றையைப் பல திசைகளிலிருந்து கட்டியின்மீது செலுத்த, படுத்திருக்கும் நோயாளியைச் சுற்றி 'கேன்ட்ரி' என்னும் காந்தச் சட்டகம் சுழல வேண்டும். அதன் எடை பல மையங்களில் 100 டன்னைத் தாண்டும். பிழையோ மில்லிமீட்டர் அளவைத் தாண்டலாகாது. அதற்கென மாடிகள் உயரத்துக்குக் கட்டடமும் எழுப்ப வேண்டும்.

கற்றையை அசைக்காமல், நோயாளியை நாற்காலியில் அமர்த்தி அவரைச் சுழற்றினால் என்ன? கண் கட்டிகளுக்கு அமர்ந்த நிலைச் சிகிச்சை நெடுங்காலமாகவே நடைபெறுகிறது. மற்ற உறுப்புகள் நிமிர்ந்து அமர்கையில் சற்றே இடம் மாறும். ஆகவே ஸ்கேனும் அமர்ந்த நிலையிலேயே எடுக்கப்பட வேண்டும். அதற்கான கருவிகள் இப்போதுதான் மருத்துவமனைகளை எட்டத் தொடங்கியுள்ளன.