நடுரோட்டில் மடிந்த டிரெய்லர்: டிரைவர் மட்டும்தான் குற்றவாளியா?

2025 ஜனவரி 3, அதிகாலை. கொச்சியிலிருந்து சமையல் எரிவாயு ஏற்றிவந்த டேங்கர் ஒன்று, கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது இழுவை லாரியிலிருந்து கழன்று கவிழ்ந்தது. எரிவாயு கசிந்தது. தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

கோவையில் கழன்றது, முன்பக்க லாரியையும் பின்பக்க டிரெய்லரையும் சேர்த்துவைக்கும் இணைப்பு. அதே இணைப்பு கழலாமல், பக்கவாட்டில் மடங்கிவிட்டால் அது இன்னொரு வகை ஆபத்து. பிரேக் அடித்த நொடியில் முன்பகுதியும் பின்பகுதியும் மடக்குக் கத்தி போல ஒன்றையொன்று நோக்கித் திரும்பும். மொத்த ரோடும் அடைபடும்.

நான்குவழிச் சாலையில் ஒதுங்கவாவது கொஞ்சம் இடம் இருக்கும். சங்கரன்கோவில், மேலநீலிதநல்லூர் பக்கத்துச் சாலைகளில் அது கிடையாது. காற்றாலைகள் நிறைந்த தென்மாவட்டச் சாலைகளில் இறக்கை ஏற்றிய நீளமான டிரெய்லரும், கல்லூரிக்குப் போகும் மாணவரின் பைக்கும், ஆட்டு மந்தையும் ஒரே ரோட்டில்தான் போகவேண்டும். இங்கே ஒரு டிரெய்லர் மடிந்தால் எதிரே வருபவருக்குத் தப்ப வழியே இருக்காது.

விபத்து நடந்ததும் டிரைவர் மீது வழக்கு, அடுத்த நாள் செய்தி, அதோடு முடிந்தது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். ஆனால் டிரெய்லர் மடிவதற்கான காரணம், டிரைவர் பிரேக்கை மிதிப்பதற்குப் பல மணி நேரம் முன்பே உருவாகியிருக்கலாம். சட்டமும் டிரைவரோடு நிற்பதில்லை.

ஏன் மடிகிறது?

டிரெய்லர் லாரி என்பது உண்மையில் இரண்டு வண்டிகள். டிரெய்லரின் அடியில் இருக்கும் ‘கிங் பின்’ என்ற தடித்த இரும்பு முளை, இழுவை லாரியின் மேலுள்ள வட்டத் தட்டில் பூட்டிக்கொள்ளும். வளைவில் திரும்ப வசதியாக அந்த இடம் கதவுக் கீல் போல அசையும். பிரச்சினை அங்கேதான்.

அவசரமாக பிரேக் அடிக்கும்போது இழுவை லாரியின் பின்சக்கரங்கள் சுழலாமல் இறுகிவிட்டால், டயருக்கு ரோட்டைப் பக்கவாட்டில் பிடித்து நிற்கும் சக்தி போய்விடும். பின்னால் இருக்கும் டிரெய்லரோ தன் எடையோடு முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். விளைவு, இழுவை லாரி குறுக்கே திரும்பிவிடும். ஒரு கோணத்தைத் தாண்டிவிட்டால் எவ்வளவு அனுபவம் உள்ள டிரைவராலும் ஸ்டீயரிங்கை வைத்து மீட்க முடியாது. டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் இறுகினால், டிரெய்லரின் வால்பகுதி ஊஞ்சல் மாதிரி பக்கவாட்டில் வீசும்.

இதற்கு இட்டுச்செல்லும் காரணங்கள் பல.

வேகம்: 40 கி.மீ. வேகத்தைவிட 60-ல் போகும் வண்டியின் இயக்க ஆற்றல் ஒன்றரை மடங்கு அல்ல, 2.25 மடங்கு. அவ்வளவையும் பிரேக்தான் தாங்க வேண்டும்.

காலி டிரெய்லர்: லோடு இல்லாத வண்டிதான் பாதுகாப்பானது என்று நினைப்போம். ஆனால் பிரேக்குகள் முழு லோடை நிறுத்துவதற்காக அமைக்கப்பட்டவை. வண்டி காலியாக இருந்தால் சக்கரங்கள் சட்டென்று இறுகிவிடும்.

முதல் மழை: பல நாள் வெயிலில் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும், மழையின் முதல் சில நிமிடங்களில் வழுக்கும் பசையாக மாறும்.

பிரேக் பராமரிப்பு: இழுவை லாரிக்கும் டிரெய்லருக்கும் பிரேக் ஒரே சீராகப் பிடிக்க வேண்டும். ஒன்று பலமாகவும் இன்னொன்று மெதுவாகவும் பிடித்தால் மடிய வாய்ப்பு அதிகம். காற்றுக் குழாய் அறுந்தால் பிரேக் பிடிக்காது என்றுதான் பலரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. காற்று போனால் டிரெய்லர் பிரேக் தானாகவே இறுகும்படிதான் அமைப்பே இருக்கிறது. ஓடும் வண்டியில் அது நடந்தால் விளைவை யோசித்துப் பாருங்கள். சக்கரம் இறுகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பொருத்தியிருந்தாலும், பழுதான சென்சாரைச் சரிசெய்யாமல் ஓட்டினால் பயன் இல்லை.

லோடு: அதிக எடை மட்டுமல்ல, சரியாகக் கட்டப்படாத எடையும் ஆபத்து. திருப்பத்தில் சரக்கு நகர்ந்தால் வண்டியின் சமநிலையும் போய்விடும்.

இறக்கம்: டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கினால் இன்ஜினின் பிடி போய்விடும். முழுப் பாரமும் பிரேக் மேல் விழுந்து, சூடேறி, பிடிப்புக் குறையும். இறக்கத்தில் கட்டுப்பாடிழந்த கனரக வண்டி என்ன செய்யும் என்பதற்கு தருமபுரி தொப்பூர் கணவாயே சாட்சி. 2024 ஜனவரி 24 அன்று அங்கே லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதிய விபத்தில் 4 பேர் உயிரிழந்தார்கள்.

தூக்கம்: 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சட்டம் 1961, நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்றது. சில சூழல்களில் மட்டும் இதைக் கொஞ்சம் நீட்டிக்க அது இடம் தந்தது. இரவு பகலாக ஓட்டவைத்த டிரைவர் ஒரு நொடி தாமதமாக பிரேக் அடித்தால், அந்த நொடிக்கு யார் பொறுப்பு?

சரி, சட்டம் யாரையெல்லாம் கேள்வி கேட்கும்?

டிரைவர்: கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை சிறை. பழைய 304-ஏ பிரிவில் இது 2 ஆண்டுகளாக இருந்தது. தகவல் சொல்லாமல் தப்பியோடினால் 10 ஆண்டுகள் வரை என்ற 106(2) பிரிவை, 2024 ஜனவரி லாரி ஓட்டுநர்கள் போராட்டத்துக்குப் பிறகு மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவராமல் நிறுத்திவைத்தது.

உரிமையாளர்: வேலை நேரத்தில் டிரைவர் செய்யும் தவறுக்கு இழப்பீடு தரும் பொறுப்பு உரிமையாளருக்கும் உண்டு. “பிரேக் ஃபெயிலியர் சார், நாங்க என்ன பண்ண முடியும்?” என்பது வழக்கமான பதில். 1977-ல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. மறைந்திருந்த பழுது என்று சொன்னால் மட்டும் போதாது. தேவையான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தும் கண்டுபிடிக்க முடியாத பழுது அது என்று உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். 2001-ல் கௌஷ்னுமா பேகம் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. டயர் வெடித்துக் கவிழ்ந்த ஜீப் மோதி ஒரு பாதசாரி இறந்திருந்தார். டிரைவரின் கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் உரிமையாளருக்குப் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பானது.

அதிக லோடு ஏற்றியவர்: மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவு, ஓட்டியவரை மட்டுமல்ல, ஓட்டவைத்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்கிறது. அபராதம் ரூ.20,000, அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000. கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டி நகரக் கூடாது. அதிக லோடு உரிமையாளருக்குத் தெரிந்தே ஏற்றப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்க 113(4) பிரிவு இடம் தருகிறது.

சாலை போட்டவர்: சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பு அதிகாரிக்கும் ரூ.1 லட்சம் வரை அபராதம். இது 198-ஏ பிரிவு.

காப்பீட்டு நிறுவனம்: மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். டிரைவரிடம் முறையான லைசென்ஸ் இல்லை என்ற காரணத்தைக் காட்டி காப்பீட்டு நிறுவனம் எளிதில் கைகழுவ முடியாது. பல சூழல்களில் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். 2004 ஸ்வரன் சிங் தீர்ப்பு தந்த பாதுகாப்பு இது.

இரண்டு வண்டி மீதும் தவறு என்றால்?

பேருந்தும் டிரெய்லர் லாரியும் மோதிய கெனெய் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. இரண்டு டிரைவர்களின் கவனக்குறைவால் மூன்றாவது நபர் பாதிக்கப்பட்டால், அவர் யாராவது ஒரு தரப்பிடமே முழு இழப்பீட்டையும் கேட்கலாம். பங்கு பிரிப்பது அந்த இரு தரப்பின் கணக்கு. பேருந்தில் உட்கார்ந்திருந்த பயணி, யார் எத்தனை சதவீதம் தவறு செய்தார்கள் என்று அலைய வேண்டியதில்லை.

மடிந்து நிற்கும் டிரெய்லரில் இருட்டில் வந்து மோதினால் கணக்கு வேறு. ஆபத்தான நிலையில் வண்டியையோ டிரெய்லரையோ ரோட்டில் விட்டுவைக்கக் கூடாது என்கிறது 122-வது பிரிவு. எச்சரிக்கை விளக்கு, ஒளிரும் ஸ்டிக்கர் இருந்ததா என்று பார்ப்பார்கள். மோதியவரின் வேகத்தையும் பார்ப்பார்கள். அவர் பக்கமும் தவறு இருந்தால் இழப்பீடு அந்த அளவுக்குக் குறையும்.

பாதிக்கப்பட்டவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் 108. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது அதற்காக வழக்கு போட முடியாது என்று 134-ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில், 7 நாட்கள் வரை ரூ.1.5 லட்சத்துக்குக் கட்டணமில்லா சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரத்துக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டமும் இருக்கிறது.

அடுத்தது ஆதாரம். இழுவை லாரிக்கும் டிரெய்லருக்கும் தனித்தனிப் பதிவெண் உண்டு. உரிமையாளரும் காப்பீடும்கூட வேறுவேறாக இருக்கலாம். அதனால் முன்னால் இருக்கும் நம்பரை மட்டும் போட்டோ எடுத்தால் பாதி வழக்குதான் கையில் இருக்கும். இரண்டு நம்பரையும் எடுங்கள். டயர்களின் தேய்மானம், ரோட்டில் விழுந்த டயர் தடம், இணைப்புப் பகுதி ஆகியவற்றையும் எடுங்கள். வண்டி கிரேனில் போன பிறகு அவை எதுவும் அங்கே இருக்காது. எஃப்.ஐ.ஆர்., மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, எடைமேடை ரசீது மூன்றும் வழக்கின் முதுகெலும்பு.

காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும் என்கின்றன 2022 விதிகள். அவை போய்ச் சேர்ந்தனவா என்று விசாரியுங்கள்.

யார் தவறு என்று நிரூபிக்காமலே 164-வது பிரிவில் மரணத்துக்கு ரூ.5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சம் கோரலாம். வருமானம், வயது, குடும்பச் சூழலைக் கணக்கிட்டு முழு இழப்பீடு வேண்டும் என்றால் 166-வது பிரிவில் போக வேண்டும். அதற்கு விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் நடக்கின்றன. ஆனாலும் அதை நம்பிக் காத்திருக்காமல் 6 மாதத்துக்குள் போட்டுவிடுவதே நல்லது.

விபத்து சங்கரன்கோவில் பக்கம் நடந்திருந்தாலும், சென்னையில் வேலை பார்க்கும் மகனோ மகளோ தாங்கள் வசிக்கும் சென்னையிலேயே மனு தாக்கல் செய்யலாம். லீவு போட்டு ஊருக்கு அலைய வேண்டியதில்லை. மனுவில் டிரைவரோடு நிறுத்தாமல், இழுவை லாரி உரிமையாளர், டிரெய்லர் உரிமையாளர், இருவரின் காப்பீட்டு நிறுவனங்கள் என எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ரோட்டில் டிரெய்லரைப் பார்த்தால் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அதன் பக்கவாட்டுக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் உங்களைத் தெரியாது. திருப்பத்திலும் மழையிலும் அதை ஒட்டிப் போகாதீர்கள்; முன்னால் புகுந்து சட்டென்று பிரேக் அடிக்காதீர்கள்.