கடைமடைக்கு எட்டாத குருதி

திண்டுக்கல் சமவெளியின் வயல்கள் குடகனாற்றையும் குளங்களையும் கிணறுகளையும் நம்பியவை. குளத்து வாய்க்காலில் நீர் குறைந்தால் தலைமடை வயல் சில நாள் தாங்கும்; கடைமடை வயலே முதலில் காயும். மனித உடலில் அத்தகைய நிலையிலுள்ள உறுப்பு பித்தப்பை.

கல்லீரல் நாள்தோறும் ஏறத்தாழ 500 முதல் 1000 மில்லிலிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. கல்லீரலின் அடியில் பேரிக்காய் வடிவில் அமைந்த பித்தப்பை அந்நீரைச் செறிவாக்கிச் சேமிக்கிறது. அதன் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிலிட்டர். கொழுப்புள்ள உணவு சிறுகுடலை அடைந்ததும் பை சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றும். இப்பைக்குக் குருதி வழங்குவது பெரும்பாலோர்க்கு வலக் கல்லீரல் தமனியிலிருந்து கிளைக்கும் ஒரே சிறு தமனியாகும். அது பையின் கழுத்தருகே நுழைந்து மறுமுனை நோக்கிச் செல்கிறது. அத்தமனி அடைபட்டால் ஈடுசெய்யும் வலுவான மாற்றுவழி இல்லை.

பித்தநீரில் கொழுப்போ நிறமியோ மிகுந்து படியும்போது கற்கள் உருவாகின்றன. கல் ஒன்று பையின் கழுத்தில் சிக்கினால் பித்தநீர் வெளியேற வழியின்றித் தேங்கும், உள்ளழுத்தம் உயரும், சுவர் வீங்கும். இதுவே பித்தப்பை அழற்சி. வீக்கம் முதலில் மெல்லிய சிரைகளை நெரிக்கிறது. வந்த குருதி திரும்ப இயலாமல் தேங்குவதால் வீக்கம் மேலும் வளர்கிறது. பின்னர்த் தமனியின் ஓட்டமும் தளர்கிறது. குருதி பெறாத சுவர் அழுகத் தொடங்குகிறது. தமனி நுழையும் இடத்திற்குத் தொலைவிலுள்ள மறுமுனையே பெரும்பாலும் முதலில் துளைபடுகிறது. அதன்வழிப் பித்தநீரும் சீழும் வயிற்றறைக்குள் பரவினால் உயிருக்கே இடர் நேரும்.

இதற்கு மறுதலையும் உண்டு. கடுந்தீப்புண், பெருங்காயம் முதலியவற்றால் நெடுநாள் தீவிர சிகிச்சையில் இருப்போர்க்குக் குருதியோட்டம் குறைவதனாலும், பித்தநீர் தேங்குவதனாலும் கல் இல்லாமலே அழற்சி தோன்றலாம். அரிதாக, அழற்சி தமனியின் சுவரை அரித்து, அங்கே குருதி நிரம்பிய புடைப்பை உண்டாக்கும். அது வெடித்தால் குருதி பித்தநாளம் வழியே குடலை அடையும். வயிற்றுவலி, மஞ்சட்காமாலை, குருதிவாந்தி அல்லது கருமலம் ஆகியவை அதன் அடையாளங்கள்.

வலப்புற விலாவின் கீழ் எழும் வலி முதுகுக்கோ வலத் தோளுக்கோ பரவலாம். காய்ச்சலும் குமட்டலும் உடன்வரும். பலர் இதனை வாயுப் பிடிப்பு எனக் கருதி ஓமநீர் பருகுவர். மருந்துக்கடை மாத்திரையை நாடுவர். வலி தணிந்ததும் நோய் தீர்ந்ததாக எண்ணுவர். ஆனால் வலி தணிவதற்கு இரு காரணங்கள் இருக்கக்கூடும். கல் விலகியிருக்கலாம், அல்லது சுவரோடு அதன் நரம்புகளும் செயலிழந்திருக்கலாம். நரம்புணர்வு மங்கிய நீரிழிவு நோயாளர்க்கும் முதியோர்க்கும் தொடக்கத்திலிருந்தே வலி குறைவாக இருப்பதுண்டு. எனவே வலியின் அளவைக் கொண்டு நோயின் அளவை மதிப்பிடுதல் பிழையாகும்.

பித்தப்பையை அகற்றும் முதல் அறுவை மருத்துவத்தை 1882ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் கார்ல் லாங்கன்புக் செய்தார். சிறுதுளை வழியே அதனை அகற்றும் முறையை 1985இல் எரிக் மூ என்னும் ஜெர்மானியர் செய்து காட்டினார். இந்தியாவில் 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹெம்டன் உத்வாடியா அதனைத் தொடங்கிவைத்தார். எம்முறையாயினும், அச்சிறு தமனியைச் சரியாக இனங்கண்டு கட்டிய பின்னரே பை அகற்றப்படுகிறது. பித்தப்பை இன்றியும் செரிமானம் நடைபெறும். கல்லீரலின் பித்தநீர் நேரே குடலை அடையும்.

திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. கல்லையும் சுவர் வீக்கத்தையும் கண்டறிய வலியற்ற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவுகிறது. ஆறு மணி நேரத்திற்கு மேல் நீடிக்கும் வலியோ, வலியுடன் காய்ச்சலோ மஞ்சட்காமாலையோ கண்டால் அன்றே மருத்துவரை அணுகவேண்டும். இடையில் வலி தணிந்தாலும் அப்பயணத்தை ஒத்திவைத்தல் ஆகாது. பயிர் கருகியபின் பாயும் நீரால் பயனில்லை.