உங்களுக்குத் தெரியுமா? கல் இல்லாத கல்லறை!

இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டுஷயரில் பரிங்டன் என்றொரு சிற்றூர். அங்குள்ள செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் கிழக்குச் சுவரையொட்டிச் சில கல்லறைகளை மூடியிருப்பது கல் அல்ல, கனத்த வார்ப்பிரும்புப் பலகை! 17, 18ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

ஏன் இரும்பு? பக்கத்திலேயே, டீம் ஆற்றங்கரையில், பிரிஞ்ச்வுட் இரும்பாலை இருந்தது. 1698இல் அதைக் குத்தகைக்கு எடுத்தவர் ரிச்சர்ட் நைட். அவர் சேர்த்த செல்வத்தில்தான் பேரன் ரிச்சர்ட் பெய்ன் நைட் டவுன்டன் கோட்டை மாளிகையைக் கட்டினார்.

இந்த வகைப் பலகைகளைச் செய்யும் முறை எளிது. ஈர மணலைச் சமமாகப் பரப்பி, அதில் மர எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்தி எடுப்பார்கள். மரக்கரி உலையில் உருகிய இரும்பை அந்தப் பள்ளத்தில் பாய்ச்சினால், ஆறியதும் எழுத்துகள் புடைத்து நிற்கும். ஒரே சிக்கல்: மணலில் எல்லாவற்றையும் இடவலமாகப் பதிக்க வேண்டும். பட்டறைக்காரர் சற்று அசந்தாலும் எழுத்து திரும்பிக்கொள்ளும். உளி பிடிக்கும் கல்தச்சருக்கு இந்தத் தலைவலி இல்லை.

சர்ரே மாவட்டத்துக் க்ரோஹர்ஸ்ட் தேவாலயத்தில் ஆன் ஃபார்ஸ்டர் என்ற பெண்மணிக்கு 1591இல் வைத்த பலகையிலும் இப்படித் திரும்பிய எழுத்துகள் உண்டு. வேடிக்கை அதுவல்ல. அதே நினைவு வாசகத்தோடு வார்த்த தகடுகளைக் குளிர்காயும் கணப்படுப்பின் பின்சுவரிலும் பதித்திருக்கிறார்கள்!