அட்டையைப் பார்த்து ஏமாறும் ஸ்கேனர்

மாணவர்களே, ஜொகூரில் கூலாய், செடெனாக் வட்டாரங்களில் தரவு மையங்கள் பெருகி வருவதை அறிவீர்கள். இத்தகைய மையங்களின் கணினிகளில் பாதுகாப்பு ஓட்டை உள்ளதா என்று தேட ஸ்கேனர் மென்பொருள்கள் உதவுகின்றன. ஓப்பன்வாஸ் அவற்றுள் ஒன்று. அது திறந்த மூல மென்பொருள். அதாவது, அதன் நிரல் வரிகளை யாரும் படித்துப் பார்க்கலாம்.

சில வேளைகளில் ஸ்கேனர் இல்லாத ஓட்டையையும் இருக்கிறது என்று சொல்லிவிடும். இதுதான் பொய் எச்சரிக்கை. இது ஏன் நேர்கிறது?

உங்கள் பாடநூலின் முதல் பதிப்பில் ஒரு பிழை இருந்ததாக வைத்துக்கொள்வோம். ஆசிரியர் புதிய பதிப்பை வாங்காமல், திருத்திய பக்கத்தை மட்டும் பழைய நூலில் ஒட்டித் தருகிறார். அட்டையில் 'முதல் பதிப்பு' என்றே இருக்கும். அட்டையை மட்டும் பார்ப்பவர், பிழையுள்ள நூல் என்றுதான் சொல்வார்.

மென்பொருளிலும் இப்படி நடக்கிறது. இணையத் தகவலை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில், 2014 ஏப்ரல் 7-இல் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை அம்பலமானது. அதன் வழியே சர்வரின் நினைவகத்திலிருந்து ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை தகவல் கசியலாம். அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம். 1.0.1 முதல் 1.0.1-எஃப் வரையிலான பதிப்புகளில் இந்த ஓட்டை இருந்தது. 1.0.1-ஜி பதிப்பில் அடைக்கப்பட்டது. டெபியன் லினக்ஸ் குழுவினரோ தங்களிடம் இருந்த 1.0.1-ஈ பதிப்பிலேயே திருத்தத்தை மட்டும் ஒட்டி வெளியிட்டனர். 'ஈ' என்பதை மட்டும் பார்க்கும் சோதனை, அடைத்த ஓட்டையையும் திறந்திருப்பதாகவே சொல்லும்.

இதனால்தான் ஓப்பன்வாஸ் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நம்பக விழுக்காடு தருகிறது. ஒட்டிய திருத்தத்தைக் காட்டாத பதிப்பு எண்ணை மட்டும் நம்பிச் சொன்ன முடிவுக்கு 30 விழுக்காடு. ஓட்டைக்குள் நுழைந்து பார்த்தே உறுதி செய்ததற்கு 100 விழுக்காடு.

அப்படியானால் 30 விழுக்காட்டு எச்சரிக்கையை ஒதுக்கிவிடலாமா? கூடாது. முதலில் தொகுப்பின் முழு எண்ணைப் பாருங்கள். 1.0.1-ஈ என்பதன் பின்னால் 'டெப்7யூ5' என்றிருந்தால், திருத்தம் ஒட்டப்பட்டுவிட்டது. அடுத்து, அதன்பின் சர்வர் மறுபடி தொடங்கப்பட்டதா என்று பாருங்கள். தொடங்காவிட்டால் வட்டில் புதிய நிரல் இருந்தாலும், நினைவகத்தில் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். அப்போது அந்த எச்சரிக்கை பொய்யல்ல!

பொய் எச்சரிக்கைகள் குவிந்தால், பார்ப்பவர் சலித்துப்போய் உண்மையானதையும் தள்ளிவிடுவார். நாளை நீங்கள் ஒரு தரவு மையத்தில் வேலை செய்யும்போது, 'பொய்' என்று குறிப்பதற்கு முன் ஆதாரத்தைக் கையில் வைத்திருங்கள்.