தண்ணீர் பாவத்தைக் கழுவுமா?



"குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, முழுக்கு ஞானஸ்நானம் எடுங்கள்" என்று சொல்பவர்களை நம்மில் பலர் சந்தித்திருக்கிறோம். இதனால் ஒரே வீட்டில் தாய் ஒரு சபை, மகன் ஒரு சபை என்று பிரிவதும் உண்டு. இங்கே கேள்வி தண்ணீரின் அளவைப் பற்றியதன்று. திருமுழுக்கில் பாவம் மன்னிக்கப்படுகிறதா, அல்லது முன்பே கிடைத்த மன்னிப்புக்கு அது வெளி அடையாளம் மட்டும்தானா?

பெந்தகோஸ்து, பாப்திஸ்து சபையினரில் பெரும்பாலோர் அடையாளம் என்றே கருதுகிறார்கள். சிலுவையில் மனம் மாறிய கள்வன் திருமுழுக்கின்றியே பேரின்ப வீட்டுக்குச் சென்றான் (லூக் 23), கொர்னேலியு வீட்டாருக்குத் தூய ஆவி முதலில், திருமுழுக்கு பிறகு (திப 10) என்று காட்டுகிறார்கள். இவற்றை நாம் மறுப்பதில்லை. கடவுள் தம் அருள்சாதனங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்று நம் மறைக்கல்வி நூலும் (எண் 1257) கற்பிக்கிறது. ஆயினும் கொர்னேலியு வீட்டாருக்கும் பேதுரு திருமுழுக்குக் கொடுக்கச் சொன்னார். பாவமன்னிப்புக்காகத் திருமுழுக்குப் பெறும்படி எருசலேமில் அழைத்தவரும் அவரே (திப 2:38).

இது கத்தோலிக்கர் மட்டும் சொல்வதன்று. நம் கடலூர்ப் பகுதியிலுள்ள ஆற்காடு லுத்தரன் திருச்சபையினரும் குழந்தைகளுக்குத் திருமுழுக்குத் தருகின்றனர். மார்ட்டின் லூத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசம், திருமுழுக்கு பாவமன்னிப்பைத் தருகிறது என்றே போதிக்கிறது. தண்ணீருக்குத் தனியே ஆற்றல் இல்லை. அதனோடு சேரும் இறைவார்த்தையே ஆற்றல் தருகிறது என்றும் விளக்குகிறது.

ஆகவே திருமுழுக்கு முதலில் கடவுளின் செயல், பிறகே நம் சாட்சி. பேச்சு வராத குழந்தைக்கும் அவர் இலவசமாய்த் தருகிறார். தந்ததை அவர் திரும்ப எடுப்பதில்லை. அதனால்தான் நாம் மறுமுறை கொடுப்பதுமில்லை. மூவொரு கடவுளின் பெயரால் தண்ணீரில் திருமுழுக்குப் பெற்ற லுத்தரன் மருமகள் கத்தோலிக்கராக விரும்பினாலும் மறு திருமுழுக்கு இல்லை. வேறு சபையில் முழுக்கெடுத்துத் திரும்பி வரும் நம் பிள்ளைக்கும் முதல் திருமுழுக்கு அழியவில்லை. அவருக்கு ஒப்புரவு அருள்சாதனத்தின் கதவு திறந்திருக்கிறது.

குறை நம்மிடமும் உண்டு. பிள்ளைக்காக நாம் அறிக்கையிட்ட விசுவாசத்தை வளர்க்காமல், அந்த நாளை விருந்தோடு முடித்துவிடுகிறோம். பிறகு யாராவது கேள்வி கேட்டால் பிள்ளை பதிலின்றி நிற்கிறது.

இந்த வாரம் நம் பிள்ளைகளின் திருமுழுக்கு நாளைத் தேடி எடுப்போம். அன்று கடவுள் அவர்களுக்குச் செய்ததை வீட்டில் அமர்ந்து சொல்லிக் கொடுப்போம். ஆமென்.