மூவாயிரம் ஆண்டுப் பராமரிப்புக் கணக்கு



இங்கிலாந்தின் மலையுச்சிகளையும் அங்குள்ள தொல்லிடங்களையும் பற்றி வானொலியில் நான் பேசியபோது, நேரம் போதாமல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதன்பின் தொலைபேசியில் அழைத்த நேயர்கள் சிலர், "அந்தக் குதிரை எங்கே இருக்கிறது? எப்படிப் போவது? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகவும், பேச்சைத் தவறவிட்டவர்களுக்காகவும் விட்ட இடத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுக்கு வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வரை நான் எந்த மலையிலும் ஏறியதில்லை. வேலை, கோயில், கல்யாண வீடு, பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, இவற்றுக்கு இடையில் மோட்டார்வே. அதன் இருபுறமும் தெரிந்த பச்சை மலைகள் எனக்குச் சுவரில் மாட்டிய படம் மாதிரித்தான். அவை யாரோ பிரபுக்களின் காணி, உள்ளே போனால் ஆராவது வந்து "உங்களுக்கு இங்கே என்ன அலுவல்?" என்று கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். என் மகள் பத்து வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படத்தைக் கொண்டுவந்து, "அப்பா, இதைப் பார்க்க வேணும்" என்று பிடிவாதம் பிடித்ததால்தான் அந்த எண்ணம் மாறியது.

குதிரை இருக்கும் இடம்

அந்தப் படத்தில் இருந்தது அஃபிங்டன் வெள்ளைக் குதிரை. ஒக்ஸ்போர்ட்ஷயரின் தென்மேற்கு மூலையில், அஃபிங்டன் என்ற கிராமத்துக்கு மேலேயுள்ள மலைச் சரிவில் இருக்கிறது. லண்டனிலிருந்து எம்4 மோட்டார்வேயில் மேற்கே போனால் எழுபது மைல் அளவில் வரும். மலையின் உயரம் 261 மீற்றர். ஒக்ஸ்போர்ட்ஷயரில் இதைவிட உயர்ந்த இடம் கிடையாது என்றாலும், நம் ஊர்ப் பிதுருதாலகால மலையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் வடக்குப் பக்கம் முழுவதும் தட்டையான பள்ளத்தாக்கு என்பதால், உச்சியில் நின்றால் கண்ணுக்குத் தடையே இல்லை. வயல்கள், வேலி மரங்கள், கிராமத்துத் தேவாலயக் கோபுரங்கள் எல்லாம் காலடியில் விரித்த பாய் போலத் தெரியும்.

வாகனத்தை நிறுத்திவிட்டு ஏறினோம். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. மேலே போய் நின்றால் குதிரையைக் காணோம்! புல்லுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் வெள்ளைக் கோடுகள் சில மட்டும் தெரிந்தன. "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று மனைவி கேட்டார். அருகே நாயுடன் நடந்துவந்த ஒரு வயதான ஆங்கிலேய அம்மையார் சிரித்துவிட்டு, "நீங்கள் குதிரையின் காதுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். முழுக் குதிரையையும் பார்க்க வேண்டுமானால் கீழே நாலைந்து மைல் தள்ளிப் போங்கள்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். குதிரையின் நீளம் சுமார் 110 மீற்றர். சரிவின் மேற்பகுதியில் கிடப்பதால் அருகில் நின்றால் துண்டு துண்டாகத்தான் தெரியும். பள்ளத்தாக்கில் தொலைவிலிருந்து பார்த்தால்தான் ஓடும் குதிரையின் உருவம் ஓரளவு பிடிபடும். முழுதாகப் பார்க்க ஆகாயத்திலிருந்து எடுத்த படம்தான் வேண்டும்.

எப்படிச் செய்தார்கள்?

தென் இங்கிலாந்தின் இந்த மலைத்தொடர் வெண்கட்டிப் பாறையால் ஆனது. அது ஒரு வகைச் சுண்ணாம்புக் கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலாக இருந்தபோது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து உருவானது. மேலே மண்ணும் புல்லும் மெல்லிய படையாகத்தான் மூடியிருக்கின்றன. அதைச் சீவினாலே வெள்ளை தெரியும்.

ஆனால் குதிரையைச் செய்தவர்கள் புல்லைச் சீவியதோடு நின்றுவிடவில்லை. ஒரு மீற்றர் ஆழம் வரை அகழி வெட்டி, அதற்குள் வெண்கட்டியை உடைத்து இட்டு, அடித்து இறுக்கியிருக்கிறார்கள். அத்திவாரம் போட்டுக் கட்டிய வேலை என்றே சொல்லலாம்.

இதன் வயது பற்றி நீண்ட காலம் வாதம் நடந்தது. கி.பி. 871 இல் அல்பிரட் டேனியர்களை வென்றதன் நினைவாக வெட்டப்பட்டது என்று பலர் நம்பினார்கள். அல்பிரட் பிறந்த வான்டேஜ் நகரம் அருகிலேயே இருப்பதால் அந்தக் கதை எடுபட்டது. 1990களில் தொல்லியலாளர்கள் ஒரு புதிய முறையைக் கையாண்டார்கள். மண்ணிலுள்ள மணற் துகள் கடைசியாக எப்போது சூரிய ஒளியைக் கண்டது என்பதை அளக்கும் முறை அது. குதிரையின் அடியிலிருந்து எடுத்த மண்ணை அளந்தபோது, அல்பிரட்டுக்கும் முன்னே, ரோமர்களுக்கும் முன்னே, வெண்கலக் காலத்தின் இறுதிக்கோ இரும்புக் காலத்தின் தொடக்கத்துக்கோ உரியது எனத் தெரிந்தது. ஏறத்தாழ 3000 ஆண்டுகள்.

ஏன் வெட்டினார்கள்? ஒரு குலத்தின் எல்லைச் சின்னம் என்பார் சிலர். குதிரைத் தெய்வத்தின் வடிவம் என்பார் சிலர். சூரியனை இழுக்கும் குதிரை என்பாரும் உண்டு. செய்தவர்கள் எழுத்தில் எதையும் விட்டுச் செல்லவில்லை.

சுற்றியுள்ள இடங்கள்

மலையுச்சியில் இரும்புக் காலக் கோட்டை ஒன்று இருக்கிறது. கோட்டை என்றதும் கல் மதிலைத் தேட வேண்டாம். வட்டமாகச் சுற்றிவரும் மண் அணையும் அகழியும்தான். குதிரைக்குக் கீழே தட்டையான தலையுடன் ஒரு சிறு குன்று நிற்கிறது. புனித ஜோர்ஜ் பறவைநாகத்தைக் கொன்ற இடம் அது என்றும், அதன் இரத்தம் பட்ட இடத்தில் புல் முளைப்பதில்லை என்றும் ஊரார் கதை.

கோட்டையை ஒட்டி ரிட்ஜ்வே என்னும் பழம்பாதை போகிறது. ஏவ்பரிக்கு அருகிலிருந்து ஐவிங்கோ பீக்கன் என்ற குன்று வரை 87 மைல் நீளமுள்ள இப்பாதை 1973 இல் தேசிய நடைபாதையாகத் திறக்கப்பட்டது. அதில் மேற்கே ஒன்றரை மைல் அளவில் நடந்தால், பீச் மரங்கள் சூழ்ந்த ஓர் இடத்தில் வேலண்டின் கொல்லுலை என்ற ஈமமேடு வரும். நீண்ட மண்மேடு, அதன் வாயிலில் ஆளை விட உயரமான கற்கள், உள்ளே கல்லறைகள். 1962, 1963 இல் நடந்த அகழாய்வில், இந்த மேட்டுக்கு உள்ளே அதைவிடப் பழைய இன்னொரு ஈமமேடு இருப்பதும் அதில் 14 பேர் அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் தெரியவந்தது. அவர்களின் காலம் கி.மு. 3590 அளவு. அதாவது, குதிரையை வெட்டியவர்களுக்கே அது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்லிடமாக இருந்திருக்கும்!

பிற்காலத்தில் வந்த சாக்சன் மக்கள் இதை யார் கட்டினார்கள் என்று அறியாமல், தங்கள் கதைகளில் வரும் வேலண்ட் என்ற கொல்லனின் பெயரைச் சூட்டினார்கள். குதிரையை இங்கே கட்டிவிட்டு ஒரு நாணயத்தையும் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது லாடம் அடித்திருக்குமாம்.

இனிக் கணக்குக்கு வருவோம்

என் தொழில் கணக்கு. நான் படித்தது வர்த்தகம். காணிக்குப் பெறுமானத் தேய்வு இல்லை என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த பாடங்களில் ஒன்று. கட்டடம் தேயும், இயந்திரம் தேயும், காணி தேயாது. ஆனால் காணியிலேயே வெட்டிய இந்தக் குதிரை தேய்கிறது. ஓரங்களிலிருந்து புல் உள்ளே வருகிறது. மேலிருந்து மழை மண்ணைக் கொண்டுவந்து தள்ளுகிறது. கவனிக்காமல் விட்டால் ஒரு மனித ஆயுளுக்குள் குதிரை புல்லுக்குள் மறைந்துவிடும்.

அப்படியானால் 3000 ஆண்டுகள் எப்படி நின்றது? ஒரே பதில்தான் உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் வந்து துப்புரவு செய்திருக்கிறது. பிற்கால வழக்கப்படி ஏழு ஆண்டுக்கு ஒரு தடவை என்று வைத்துக் கணக்குப் பார்த்தாலும், 400 தடவைக்கு மேல் ஆகிறது. அது திருவிழாவாகவும் நடந்தது. 1857 இல் நடந்த பெருவிழாவைப் பற்றி அதே ஊரில் பிறந்த எழுத்தாளர் தோமஸ் ஹியூஸ் ஒரு நூலே எழுதினார். மல்யுத்தம், குதிரைப் பந்தயம், சரிவில் பாற்கட்டியை உருட்டிவிட்டுத் துரத்துவது எல்லாம் நடந்ததாம். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் விமானங்களுக்கு வழிகாட்டியாகிவிடக் கூடாது என்று குதிரையை மூடி மறைத்தார்கள். போர் முடிந்ததும் மீண்டும் திறந்தார்கள்.

இதில் என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. வெட்டியவர்களின் மொழி போய்விட்டது. ரோமர் வந்து ஆண்டு போனார்கள். சாக்சன் மக்கள் கடல் கடந்து வந்தார்கள். பின்னர் நோர்மன் மக்கள் வந்தார்கள். சமயமும் மாறிவிட்டது. குதிரையின் பொருள் என்ன என்று தெரியாமலே, வந்தவர்களும் முழங்காலில் நின்று புல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். இல்லையென்றால் நாம் இன்று பார்க்க அங்கே எதுவும் இருந்திருக்காது.

ஒழுங்காகப் பராமரித்தும் பிழை வரலாம். ஆண்டுதோறும் வெண்கட்டி இட்டுவந்தும், ஓரங்களில் புல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்ததைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். ஆகாயப் படங்களை ஒப்பிட்டபோது தலையும் கழுத்தும் சில இடங்களில் பாதி அகலத்துக்குக் குறுகியிருந்தது தெரிந்தது. 2024 இல் தொல்லியலாளர்களைக் கொண்டு புல்லைச் சீவிப் பழைய அகலத்துக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் தொழிலில் இதை நன்றாக அறிவோம். பெரிய களவு உடனே பிடிபடும். மாதம் ஒரு பவுண் வித்தியாசத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

மலையிலிருந்து கிழக்கே பார்த்தால் டிட்கொட் மின்நிலையத்தின் ஆறு குளிர்விப்புக் கோபுரங்கள் முன்பு தெரியும். 1960களில் கட்டியவை. 2014 இல் மூன்று, 2019 இல் மூன்று என்று வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். கொங்கிறீற்று ஐம்பது ஆண்டுகள், வெண்கட்டி மூவாயிரம் ஆண்டுகள்!

நாங்களும் அடித்தோம்

இப்போது குதிரையைப் பராமரிப்பது நாஷனல் ட்ரஸ்ட் என்னும் அறக்கட்டளை. கோடையில் பொதுமக்களையும் அழைக்கிறார்கள். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் போனோம். ஒரு சுத்தியல், ஒரு வாளி வெண்கட்டி, முழங்காலுக்கு ஒரு மெத்தை. களையைப் பிடுங்கி, புது வெண்கட்டியைக் கொட்டி, அடித்து அடித்து மாவாக்கி இறுக்க வேண்டும். எங்கள் பெயரைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. இந்த நாட்டுக்கு எப்போது வந்தீர்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் பனையோலை கொண்டு வேலி அடைத்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அன்று நான் ஓலை எடுத்துக் கொடுத்தேன், அப்பா கட்டினார். இங்கே மகள் அடித்தாள், நான் வாளி தூக்கினேன். இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பாய் அளவு இடம் வெள்ளையாகியது. முழங்கால் நோவு மூன்று நாள் நின்றது.

போக விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்

1. ஓர்ட்னன்ஸ் சேர்வே நிறுவனத்தின் எக்ஸ்புளோரர் வரிசையில் 170 ஆம் இலக்க வரைபடத்தை வாங்குங்கள். பழைய பாணி எழுத்தில் அச்சிட்டிருப்பவை தொல்லிடங்கள். நீலக் கதிர்கள் விரிந்தாற்போன்ற குறி நல்ல காட்சி தெரியும் இடம். உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் ஏற்றம் கடுமை.

2. வரைபடத்தில் பச்சை நிறத்தில் விட்டுவிட்டுப் போகும் கோடு பொதுப் பாதை. அது யாருடைய காணிக்குள்ளால் போனாலும், அதில் நடக்க எல்லோருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. வழியில் மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்களுக்கு. நீல அம்புக்குறி குதிரையிலும் சைக்கிளிலும் போவோர்க்கும் சேர்த்து. நான் இருபது ஆண்டுகள் பயந்தது வீண் பயம்.

3. திறந்த படலையை மூடிவிட்டுப் போங்கள். ஆடுகள் மேயும் இடம் அது.

4. கோடையிலும் உச்சியில் காற்றுக் குளிரும். மழைச் சட்டையும் பிடிப்புள்ள சப்பாத்தும் அவசியம். உச்சியில் கடை இல்லை. இடியப்பமோ பாணோ கட்டிக்கொண்டு, பிளாஸ்கில் தேநீரும் கொண்டு போங்கள்.

5. குதிரையின் வெள்ளையில் கால் வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

நாங்கள் அடித்த அந்தப் பாய் அளவு இடம் குதிரையின் பின்னங்காலில் இருக்கிறது. திரும்பும் வழியில் பள்ளத்தாக்கில் காரை நிறுத்திப் பார்த்தோம். எது எங்கள் பங்கு என்று பிரித்தறிய முடியவில்லை. மகள் மட்டும் விரலை நீட்டி, "அதுதான் அப்பா" என்றாள். இப்போது அவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சென்ற கோடையில் தோழிகளைக் கூட்டிக்கொண்டு அவளாகவே பதிவு செய்து போய்வந்தாள். இம்முறை என்னைக் கூப்பிடவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் குறைதான், ஆனாலும் மகிழ்ச்சி.